மனு வரிசையில் கடைசி ஆள்

தலைவர் குளிக்கிறார் என்றார் மச்சான். லேப் அக்கா சரியென்று தலைவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தாள். டீ வந்தது. அது ஆறி ஆடை கட்டியது. தலைவர் குளித்துவிட்டு ஓய்வெடுக்கிறார் என்றார்கள். பிறகு டாக்டர் வந்திருக்கிறார் என்றார்கள். டாக்டர் எந்த வழியாக வந்தார் என்று அவள் கேட்கவில்லை. வாசலுக்கு நேர் எதிரில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தலைவரிடம் அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அண்ணே, தலைமைக்கு நான் நிற்கிறேன். அதைக் கேட்டு அவர் 'கேட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அது நடக்காவிட்டால் அவள் பெயர் வாக்குச்சீட்டில் ஏறாது.

கட்சியின் விதி அப்படி. தலைமைக்குப் போட்டியிட நினைப்பவர், பதவியில் இருப்பவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கடிதம் செல்லாது. போன் செல்லாது. ஆள் விட்டுச் சொல்வதும் செல்லாது. விதியைக் கொண்டுவந்தவரே இந்தத் தலைவர்தான். இளம் வயதில், அவருக்கு முன்பிருந்த தலைவரின் படுக்கை அருகே நின்று, 'உங்களை எதிர்த்து நிற்கப்போகிறேன் ஐயா' என்று சொன்னவர் அவர். கட்சியின் பயிற்சி வகுப்புகளில் அந்தக் கதையைத் தவறாமல் சொல்வார். இது முதுகில் குத்துகிற கட்சி இல்லை என்று முடிப்பார். லேப் அக்கா அதை முதலில் கேட்டபோது அரசு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். அந்தக் கதைக்காகத்தான் கட்சியில் சேர்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம். வேலையை விட்டு, தேர்தலில் நின்று, இரண்டு முறை நாடாளுமன்றத்துக்குப் போன பிறகும் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான்.

விதி வந்த நாள் முதல் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. தேவை வரவில்லை. தலைவரை ஒவ்வொரு முறையும் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிக்குத் தலைவராக இருப்பவரே ஆட்சிக்கும் தலைவர் என்பதால், நாற்காலியும் அவரோடு வயதானது.

போன வருடம் அவர் சின்ன ஊர் மருத்துவமனைகளின் பரிசோதனைக் கூடங்களை மூடி, எல்லாவற்றையும் தலைநகரில் ஒரே கட்டடத்தில் வைத்தார். ரத்தத்தை வேனில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்பினால் வெயிலில் பாதி மாதிரிகள் கெட்டுப்போகும், கெட்ட ரத்தம் பொய் சொல்லும் என்று செயற்குழுவில் எழுந்து சொன்னாள் லேப் அக்கா. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பொருள் என்றார். மாதிரிகள் கெட்டன. இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். இருந்த நோய் தெரியாமல் போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த இடைத்தேர்தல்களில் கட்சி வரிசையாகத் தோற்றது. தொண்டர்கள் சரியாக உழைக்கவில்லை என்று தலைவர் அறிக்கை விட்டார். அந்த அறிக்கையைப் படித்த காலையில்தான் அவள் முடிவு செய்தாள்.

பெயர் ஏற்ற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை நேரம். ஞாயிற்றுக்கிழமை வட்டாரச் செயலாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். இன்று திங்கள்.

மச்சான் எதிரில் வந்து உட்கார்ந்தார். தலைவருடைய மனைவியின் தம்பி அவர். தலைவருக்கு மச்சான் என்பதால் கட்சிக்கே மச்சான் ஆகிவிட்டார். எழுபது வயதுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு வங்கி அதிகாரி மேடையில் 'மதிப்பிற்குரிய மச்சான் அவர்களே' என்று ஆரம்பித்தபோது கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு மாமாவுக்குத் தெரியும்" என்றார் மச்சான். "தெரிஞ்சதனாலதான் குளிக்கிறாரு."

பிறகு குரலைத் தாழ்த்தி, சுகாதாரத் துறை காலியாக இருப்பதைப் பற்றிப் பேசினார். வெள்ளிக்கிழமை வரை அவள் வீட்டில் இருந்தால் போதும். சனிக்கிழமை வந்து பதவி ஏற்றுக்கொள்ளலாம். பரிசோதனைக் கூடங்களைக்கூட ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம், மாமா பெயரில்.

அவளுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. கூடங்கள் திறந்தால் போதாதா? ஆனால் அடுத்த முறை தலைவர் கடிகாரத்தைப் பார்க்கும்போதும் இதே நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

"எனக்கு அண்ணனைப் பாக்கணும் தம்பி" என்றாள். "வேற ஒண்ணும் வேணாம்."

மதியம் வரை இருந்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் கணவருக்கு லேத் பட்டறை. கையில் ஒட்டிய எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்தபடி முழுவதையும் கேட்டார். நாட்டிலேயே சுத்தமான அரசியல்வாதி உங்கள் தலைவர்தான், காலையிலிருந்து குளிக்கிறாரே என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் குடைக்காரர் வந்தார். வடக்கு வட்டாரத்தின் செயலாளர். மழையோ வெயிலோ குடை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அவளை நிற்கச் சொன்னவர்களில் முதல் ஆள் அவர். அவர் ஒரு வழி வைத்திருந்தார். செயற்குழுவில் பாதிக்கு மேல் நம் பக்கம் வந்துவிட்டார்கள்; இந்த ஒரு தடவை மட்டும் விதியைத் தள்ளிவைப்பதாகத் தீர்மானம் போட்டுவிடலாம். தலைவருக்குத் தகவல் போகும்போது வேலை முடிந்திருக்கும்.

வேண்டாம் என்றாள்.

"அவர் காதைப் பொத்திக்கிட்டா என்னம்மா பண்ணுவே?"

"கையை எடுக்கிற வரைக்கும் எதுக்க நிப்பேன்."

"உனக்கு ஜெயிக்கணுமா, விதியைக் காப்பாத்தணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"அவருக்குத் தெரியாம அவர் நாற்காலிய எடுத்து நான் உக்காந்தா, நாளைக்கு எனக்குத் தெரியாம நீங்க எடுப்பீங்க."

குடைக்காரர் கொஞ்ச நேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "எடுக்க மாட்டேன்னு சொல்ல வாய் வரலையே" என்றார்.

செவ்வாய்க்கிழமை மன்றத்தின் நடைபாதையில் தலைவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். உடனே செல்போனைக் காதில் வைத்து, ஆமாம், ஆமாம் என்று பேசிக்கொண்டே கடந்து போனார். போனின் திரை இருட்டாக இருந்தது. மதியம் ஒரு பாலத்தின் திறப்பு விழாவுக்குப் போனாள். அவர் ரிப்பனை வெட்டிய கையோடு, மறுபக்கம் நிறுத்தியிருந்த காரில் ஏறிவிட்டார். பாலத்தின் மேல் முதலில் போன வண்டி அதுதான். கைதட்டக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அன்று மாலை மட்டும் ஒரு வாய்ப்பு வந்தது. கட்சியின் மூத்த தொண்டர் ஒருவர் இறந்திருந்தார். சின்ன வீடு. முன்னறையில் தலைவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் லேப் அக்கா அவர் பக்கத்திலேயே வந்து நின்றாள். எழுந்து போக அவருக்கு வழியில்லை. குனிந்து காதருகே சொல்லியிருக்கலாம். எதிரே சுவரில் சாய்ந்து இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். தலைவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருப்பது தெரிந்தது. அவள் அந்த அம்மாவின் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் குடைக்காரர் குடையைத் தரையில் குத்தினார். கைக்கு எட்டிய இடத்தில் விட்டுவிட்டாயே என்றார். சாவு வீட்டில் அதைச் சொல்ல முடியாது என்றாள். அப்படியானால் வேறு எங்கே சொல்வாய் என்று கேட்டார். அதற்குப் பதில் அவளுக்கு வீட்டுக்கு நடக்கும்போதுதான் கிடைத்தது.

கட்சி அலுவலகத்தின் பின்புறம், சந்துப் பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஒரு மரமேசை, இரண்டு நாற்காலிகள். தினமும் காலையில் தலைவர் அங்கே உட்கார்ந்து பொதுமக்களிடம் மனு வாங்குவார். சிபாரிசு கிடையாது. மச்சானுக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது. அமைச்சரானாலும் குப்பை அள்ளுபவரானாலும் வந்த வரிசைதான். காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். சொந்த மகளின் திருமணத்தன்று மாலையும் கழுத்துமாக வந்தவர். ஆட்சி போனாலும் இந்த மேசையை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது என்று சொல்வார். வட்டாரச் செயலாளர்களில் பலர் இத்தனை காலம் அவரோடு நின்றது அந்த மேசைக்காகத்தான். தங்கள் ஊர்க்காரர்களை அங்கே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

புதன்கிழமை காலை லேப் அக்கா அந்த வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா. கடை வாசலில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள், குழாயும் வரவில்லை, தோண்டியவர்களும் வரவில்லை. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பெண் பள்ளத்தில் விழுந்து, காலில் கட்டோடு கல்யாணம் செய்துகொண்டாள் என்றார். தான் எடுத்த அளவு ரவிக்கைக்குச் சரியாக இருந்தது, செருப்புக்குத்தான் பொருந்தவில்லை என்றும் சொன்னார்.

தலைவர் வந்தார். நாற்காலியை இழுத்தார். வரிசையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில் ஒருவர் வந்து, தலைவருக்கு உடம்பு சரியில்லை, இன்று மனு கிடையாது என்று சொன்னார்.

வியாழக்கிழமையும் அதேதான்.

வரிசையில் நின்றவர்கள் உடனே கலையவில்லை. இது அவர்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் இருந்தார்கள். உண்மையான காரணத்தை லேப் அக்காவே அவர்களிடம் சொன்னாள். சொல்லாமல் நிற்க அவளால் முடியவில்லை. தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க நிக்கிறதனாலதான் அவரு வரலை."

"ஆமா."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டைன்னா உங்களோட வச்சுக்கங்க. என் வாசல்ல பள்ளம் அப்படியே இருக்கு. நீங்க பதவிக்கு வந்தா மட்டும் அது தானா மூடிக்குமா?"

அந்த அம்மா சொன்னது சரி. தன்னுடைய ஒரு வாக்கியத்துக்காக நாற்பது ஐம்பது பேர் இரண்டு நாளாக வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கூடங்களை மூடியபோது தலைவர் செய்ததும் இதுதானே என்று தோன்றியது. அது பிடிக்கவில்லை. யோசித்துக்கொண்டே நின்றாள்.

மாலையில் குடைக்காரர் உற்சாகமாக வந்தார். தலைவர் மனு வாங்குவதில்லையாம் என்ற பேச்சு வட்டாரம் வட்டாரமாகப் பரவிவிட்டது. தலைவர் பக்கம் அசையாமல் நின்ற தெற்கு வட்டாரத்துக்காரர்கூடப் போன் செய்து, உண்மையா என்று கேட்டாராம். நாளைக்கும் நீ அங்கே போய் நின்றால் போதும், நமக்கு வேறு வேலையே இல்லை என்றார்.

"நாளைக்கு நான் வரிசையில நிக்கப்போறதில்ல" என்றாள் லேப் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்கு முன்னால் எல்லோரும் கேட்கும்படி, அன்று அங்கே வந்து நின்ற மச்சானிடம் சொன்னாள். அண்ணன் வந்து எல்லோருடைய மனுவையும் வாங்கட்டும். நான் எதிரே, பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருப்பேன். இன்று யார் வந்தாலும் எனக்கு முன்னால் போகலாம். கடைசி ஆள் நான். அதுவரை எழுந்திருக்க மாட்டேன். மச்சானுக்கு இதில் என்ன சூழ்ச்சி என்று புரியவில்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போனார்.

தலைவர் வந்து உட்கார்ந்தார்.

அன்று அவர் மனு வாங்கியதைப் போல அதற்கு முன் வாங்கியதில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. சாக்கடை அடைப்பு என்று வந்தவரிடம் பேரக் குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். தையல்காரம்மாவின் பள்ளத்தின் அகலம், ஆழம் எல்லாம் கேட்டு, இன்ஜினியரைத் தானே போனில் அழைத்தார். அவருக்கு நேரம் போக வேண்டியிருந்தது என்பது லேப் அக்காவுக்குப் புரிந்தது. ஆனால் கேட்கிறவர் முகம் அந்தப் பழைய முகமாகவே இருந்தது. பயிற்சி வகுப்பில் அவள் பார்த்த முகம். பத்து வருடமாகச் செயற்குழுவிலும் இப்படி அவர் கேட்டிருந்தால் அவள் இந்தப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

மதியம் குடைக்காரர் வந்து வயிற்றெரிச்சலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைவர் பழையபடி ஆகிவிட்டார் என்று எல்லோரும் பேசுகிறார்களாம். தெற்கு மறுபடி தெற்கே போய்விட்டது. அவளே அவருக்கு ஓட்டுச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"சேரட்டும்" என்றாள். "வேலை செய்யறவருக்கு ஓட்டு விழுந்தா நல்லதுதானே."

"உன்னைக் கட்டுன மனுஷன் எப்படித்தான் சமாளிக்கிறாரோ" என்று குடையை விரித்து, அவளுக்கும் சேர்த்துப் பிடித்தார்.

மூன்று மணிக்கு மேல் வரிசை குறைய வேண்டும். குறையவில்லை. சந்தின் மறுமுனையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். தோளில் பையில்லை, கூடக் குழந்தையில்லை, யாரும் யாரிடமும் குறை சொல்லி அலுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்தும் போகாமல் நின்றிருந்த தையல்காரம்மா சந்தைக் கடந்து வந்தார்.

"அந்தக் கோடு போட்ட சட்டை என் கையால தைச்சது. காலர் கொஞ்சம் கோணல், எனக்குத் தெரியும். மத்தியானமே ஒருவாட்டி உள்ள போயிட்டு வந்துடுச்சு. இப்ப மறுபடியும் நிக்குது."

குடைக்காரர் எழுந்துவிட்டார். கத்திக் கூட்டம் கூட்டலாம் என்றார். லேப் அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். யார் வந்தாலும் முன்னால் போகலாம் என்று சொன்னவள் அவள். யார் என்று அப்போது பிரித்துச் சொல்லவில்லை.

ஐந்து மணி ஆனது. ஐந்தரை ஆனது. கால் மரத்துப்போயிருந்தது. ஆறு மணி அடித்தால் என்ன செய்வது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரோடும் சேர்ந்து கைதட்டலாம். அடுத்த நாளே, அடுத்த தேர்தலுக்குச் சொல்ல, மறுபடி தலைவர் வீட்டுக்குப் போய், குளிக்கிறாரா என்று கேட்கலாம். அப்படியே செய்வது என்று முடிவு செய்தாள். அதற்குப் பிறகு நேரம் பார்க்கவில்லை.

கொட்டகைக்குள் நடந்ததைப் பிறகு பசையே எல்லோரிடமும் சொன்னார். பசை என்பது கட்சிக்குப் போஸ்டர் ஒட்டுபவர். இருபது வருடமாகத் தலைவர் முகத்தைச் சுவர் சுவராக ஒட்டியவர். அவருடைய முறை வந்தது. தலைவர் மனுவுக்குக் கை நீட்டினார். பசை ஒரு மடித்த தாளைக் கொடுத்தார். தலைவர் பிரித்தார். எழுத்து ஒன்றும் இல்லை. திருப்பினார். பழைய போஸ்டரின் கிழிசல் அது. அவருடைய ஒரு கண்ணும் பாதி மீசையும் இருந்தன.

"உனக்கு என்னடா குறை?" என்று கேட்டார்.

பசைக்கு ஒரு குறையைத் தயாரித்து வைத்திருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து அது வாயில் வரவில்லை.

"குறை ஒண்ணும் இல்லண்ணே. ஆறு மணி வரைக்கும் நிக்கணும்னு மச்சான் சொன்னாரு."

"பின்னாடி நிக்கிறவங்க?"

"நம்ம ஆளுங்கதான். எல்லாரும்."

தலைவர் தாளை மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவினார். மதியம் ஒரு தெருவிளக்குக்காக இன்ஜினியரை அவ்வளவு திட்டினேனே, அதுவாவது நிஜமா என்று கேட்டார்.

"அந்தத் தெருவே கிடையாதுண்ணே."

அப்போது அவர் எழுந்த விதத்தைப் பார்த்து அடி விழும் என்று பசை நினைத்தாராம். தலைவர் அவரைத் தொடக்கூட இல்லை. கொட்டகையை விட்டுச் சந்துக்கு வந்தார். வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்தார். பலர் கட்சிக் கூட்டங்களில் பார்த்த முகங்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போங்க என்றார். சத்தம் போடவில்லை. கோடு போட்ட சட்டைதான் முதலில் நகர்ந்தது. மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு சந்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"வாம்மா. உன் முறை."

லேப் அக்கா எழுந்தாள். கால் உடனே ஒத்துழைக்கவில்லை. தையல்காரம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சந்தைக் கடந்து போய், மனு கொடுப்பவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைவரும் தன் இடத்தில் உட்கார்ந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது அவர் கண்ணைச் சுற்றிக் களைப்பு தெரிந்தது.

"மனு எங்க?"

"மனு இல்லண்ணே. ஒரு வார்த்தைதான்." கையை மேசைமேல் வைத்துக்கொண்டாள். "தலைமைக்கு நான் நிக்கிறேன். உங்கள எதிர்த்து."

கொட்டகையின் தூணில் மாட்டிய கடிகாரத்தில் ஆறுக்குக் கொஞ்சமே பாக்கி இருந்தது. அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வாசலில் மச்சான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரும் பார்த்தார். செயற்குழுவில் பார்ப்பது போல. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சக் கூடாது என்று நினைத்தாள். மறுபடி சொல்லவும் கூடாது. ஒரு தடவை சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"ரத்தம் பொய் சொல்லும்னு சொன்னியே அன்னிக்கி" என்றார் தலைவர். "அது என் காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி இருந்தேன்."

"தெரியும்ணே."

அவர் நிமிர்ந்து, வாசல்வரை கேட்கும் குரலில் சொன்னார். மேடைக் குரல் அது.

"கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை நடந்தது அதற்குள் எல்லா வட்டாரங்களுக்கும் போய்விட்டது. பசை ஒருவர் போதும் அதற்கு. ஆனால் அவர்கள் பேசியது தலைவர் எழுந்து வந்ததைப் பற்றி இல்லை. வரிசையில் பொய் ஆட்கள் நின்றதைப் பற்றி. அந்த மேசைக்கும் ஆள் செட் பண்ண வேண்டிய நிலை வந்துவிட்டதே என்றார்கள். அவர் செய்யவில்லை, மச்சான் செய்தது என்று சிலர் சொல்லிப்பார்த்தார்கள். தன் மேசைக்கு முன்னால் நிற்பவர் யாரென்றே தெரியாதவர் நாட்டில் எதைத் தெரிந்து வைத்திருக்கப்போகிறார் என்று தெற்கு வட்டாரத்துக்காரர் கேட்டார்.

தலைவர் பேசினார். சுருக்கமாக, நன்றாகப் பேசினார். பரிசோதனைக் கூடங்களை மூடியது தவறு என்றார். முன் வரிசையில் இருந்தவர்கள், காலமெல்லாம் அவர் மேடையேறும்போது முதலில் எழுந்து நின்றவர்கள், தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேப் அக்கா பேசும்போது இரண்டு முறை தண்ணீர் குடித்தாள். யாரையும் திட்டவில்லை. என்ன செய்யப்போகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

முடிவை அறிவித்தபோது லேப் அக்கா ஜெயித்திருந்தாள்; இவ்வளவு வித்தியாசத்தைக் குடைக்காரர்கூட எதிர்பார்க்கவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டார்.

மண்டபத்தின் முகப்பில் பாதுகாப்பு வண்டிகள் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, வரிசை மாறி நின்றன. யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. நடுவில் இருந்த கறுப்புக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி மச்சான் நின்றார்.

"வாங்கக்கா. செயற்குழு காத்துக்கிட்டிருக்கு."

"தம்பி, உங்க மாமா அங்க நிக்கிறாரு" என்றாள்.

தலைவர் தூணோரம் தனியாக நின்றிருந்தார். அவருடைய கார் எது என்று அவருக்கே தெரியவில்லை. அத்தனை வருடமும் கார் அவரிடம் வந்ததே தவிர அவர் காரைத் தேடியதில்லை. லேப் அக்கா கறுப்புக் காரைத் தாண்டிப் போய், கணவர் ஓட்டி வந்த பட்டறை வேனைக் காட்டினாள். அவர் தயங்கினார். பிறகு முன் இருக்கையில் ஏறினார். அவள் பின்னால், இரும்புத் துண்டுகள் போட்டிருந்த சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதுகாப்பு வண்டிகள் ஒன்றும் புரியாமல் வேனின் பின்னால் வந்தன.

கொஞ்ச தூரம் போனதும் தலைவர் பேசினார்.

"வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"போட்டியில்லாம ஜெயிச்சிருப்பீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பொதுத் தேர்தல்ல எல்லாரும் சேர்ந்து தோத்திருப்போம்."

"நீ வந்துட்டா ஜெயிச்சிடுமா கட்சி?"

"தெரியாதுண்ணே. நாளைக்குக் காலையில முதல் லேபைத் திறக்கிறேன். அங்கேருந்துதான் பாக்கணும்."

அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது. அவள் கணவர் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார்.

தலைவர் வீட்டு வாசலில் காவலர்கள் இல்லை. தலைவர் இறங்கி, இரும்புக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். அதை மேலே தூக்க வேண்டுமா, பக்கவாட்டில் இழுக்க வேண்டுமா என்று தெரியாமல் இரண்டையும் செய்துபார்த்தார். லேப் அக்கா வேனின் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அவர் திரும்பாமலே, இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

சற்று நேரம் ஆனது. தாழ்ப்பாளைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை பார்த்திருந்துவிட்டு, போகலாம் என்றாள் கணவரிடம். செயற்குழு காத்திருந்தது.